முளைக்காத பல்லின் அகலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலையாள தேசத்துப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜன். வேலை கொஞ்சம், பந்தா ஜாஸ்தி. வெள்ளைக் கோட்டோடு வலியசாலைத் தெருவில் நடந்தால் மாமிகள் நடுத்தெருவிலேயே வாயைத் திறந்து காட்டுவார்கள். நானும் ஏதோ பெரிய ஆள் மாதிரி எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஏற்கனவே முளைத்துவிட்ட கீழ் முன்பற்களை அளந்து, ஈறுக்குள் இன்னும் வெளிவராமல் கிடக்கும் பல் எவ்வளவு அகலமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது. அது தெரிந்தால், வரப்போகிற பல்லுக்கு இடம் பத்துமா, கோணலாக வருமா என்று சொல்லிவிடலாம். இதற்கென்று ஓர் அட்டவணை இருந்தது, ஆனால் அது வெளிநாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டது. நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று ஒருவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்றால், எங்கள் மெஷின் பெரும்பாலும் துணி போர்த்தித் தூங்கும். ஆகவே இப்போது அளந்து கணிக்க வேண்டும், பல் முளைக்கும்வரை காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும்.

அப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், பின்னாலேயே தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருந்தார்கள்.

"எடோ, தான் தமிழனல்லே? தான் போயி சம்சாரிச்சா மதி," என்று, அவர்கள் பிள்ளைகளை அளப்பது பற்றித் தமிழில் பேசிவரப் பேராசிரியர் என்னை அனுப்பிவைத்தார்.

அப்படித்தான் கொட்டகையிலிருந்து அந்தச் சின்னப் பெண் வந்தாள். ஒன்பது வயது. அம்மா அங்கே சித்தாள். முன்பற்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பல் அச்சு எடுக்கும்போது குமட்டி என் கோட்டிலேயே வாந்தி எடுத்தாள். பிறகு கோட்டைப் பார்த்து, "இப்பந்தான் டாக்டரு மாதிரி இருக்கிய," என்றாள்.

அம்மாவிடம் விளக்கினேன். "இந்தக் கடைவாய்ப் பால் பல்லுக்கு அடியில ஒரு புதுப்பல்லு இருக்குக்கா. அது வெளிய வந்ததும் நான் அளக்கணும். அதுவரைக்கும் பால் பல்லுதான் இடம் புடிச்சு வச்சிருக்கும். அதைத் தொடக் கூடாது."

"புதுசும் கோணலாத்தான் வருமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "கோணவாயின்னு கூப்புடுதானுவ."

"வராது. இடம் இருக்கு, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நேரா வரும்."

அவள் நம்பவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

சில மாதம் கழித்து அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத் தாடை பழுத்த மாம்பழம்போல வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது, வாயைத் திறக்க முடியவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"வேல முடிஞ்சுபோச்சுய்யா. மேஸ்திரி கோயம்புத்தூருக்கு வரச் சொல்லுதாரு. நாங்க போயிட்டா நீங்க பல்ல எங்க வச்சு அளப்பிய? மேல உள்ளத எடுத்துட்டா அடியில உள்ளது சட்டுன்னு வந்துருமேன்னு..."

"யாரு எடுத்தா?"

"சந்தையில உக்காந்து எடுப்பாருல்லா, அவருதான். நல்ல கைராசிக்காரரு."

"இங்க கொண்டாந்திருக்கலாம்ல?"

"நீங்கதான் தொடக் கூடாதுன்னியளே."

நான் சொன்னது எல்லாம் அவளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. எனக்காகத்தான் செய்திருக்கிறாள்.

சந்தைக்காரர் ஒரு வாயில் விட்ட பல் பிடுங்கும் குறட்டை டம்ளர் தண்ணீரில் முக்கிவிட்டு அடுத்த வாயில் விடுவார். போய் நாலு வார்த்தை திட்டலாம் என்று கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் குறடுகளைக் கொதிக்கவைக்கும் பெட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். குளிக்கிற சூடுகூட இல்லை. எங்கள் லட்சணமும் அதுதான். திட்டப் போகவில்லை.

வார்டில் சேர்த்து, கீறிச் சீழை எடுத்தோம், பென்சிலின் போட்டோம். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கு ஆபத்து. தினமும் காலையில் போய் அவள் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். "கூசுது," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்வாள். பேராசிரியரிடம் கேட்டால், "நோக்காம், வேற எந்து செய்யான்," என்று கையை விரித்தார்.

சில நாள் வீக்கம் இறங்கவில்லை, பிறகு மெதுவாக இறங்கியது. ஒருநாள் வாயைத் திறந்தாள். அன்றுதான் அம்மா முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை அவிழ்த்தாள்.

"உங்ககிட்டக் காட்டணும்னு வச்சிருந்தேம்யா. ஒண்ண இழுத்தா ரெண்டு வந்துச்சு."

ஒன்று சொத்தை விழுந்த பால் பல். அதன் வேர்களுக்கு நடுவில் இடுக்கப்பட்டுச் சேர்ந்தே பிடுங்கப்பட்டது இன்னொன்று. வேர் இன்னும் வளராத, ஒரு சோற்றைக்கூடக் கடிக்காத வெள்ளைப் பல்.

பேராசிரியர் அதை வாங்கிக் கழுவினார். கோட்டுப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு முறை அளந்தார். அந்தப் பல்லுக்கு நாங்கள் போட்டிருந்த கணக்கைக் கேட்டார். சொன்னேன்.

"கண்டோடோ. நம்மள் பறஞ்ஞது தன்னெ."

நாங்கள் சொன்னதேதான் என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கட்டிலைப் பார்த்துவிட்டுப் பல்லை என் கையில் வைத்தார். வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"கணக்கு சரியா வந்துச்சாய்யா?" என்றாள் அம்மா.

"வந்துச்சுக்கா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பொறவென்ன. நாளைக்கு வண்டியேறிருவோம்."

அந்தப் பெண் நாக்கால் பள்ளத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். "அப்பம் இங்க எப்பம் வரும்?"

அம்மாவும் என்னைப் பார்த்தாள். திரும்ப வைக்க முடியாது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் இனி எதுவும் வராது, பக்கத்துப் பற்கள் சாய்ந்து வந்து மூடிவிடும், அதைத் தடுக்கக் கம்பி போட்டால் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். நாளைக்கு வண்டி. பல் இருந்த கையை மட்டும் விரித்துக் காட்டினேன்.

அந்தப் பெண் என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"நேரா வரும்னிய," என்றாள்.