இடம் மாறிய பதினாறு பக்கங்கள்

நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களைப் பிரித்துத் தைக்கும் பைண்டரம்மாவுக்கு அன்று காலைதான் தன் பழைய பிழை ஒன்று தெரிந்தது. பத்து வருடமாகத் தினக்கூலி. வேலை நிரந்தரமாகும் உத்தரவு நூலகரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இந்த நேரம் பார்த்தா பிழை வெளிப்பட வேண்டும்?

மூன்று மாதம் முன்பு இரண்டு நாவல்களை ஒரே நாளில் தைத்தாள். ஒன்று மாலுமியின் கதை, மற்றது வீட்டைவிட்டு நகராத ஒரு மனைவியின் கதை. இரண்டிலும் தொண்ணூற்றேழிலிருந்து பதினாறு பக்கம், 'நான்' என்றே சொல்லப்படும் ஒரு கனவு. மாலுமிக்குக் கப்பல், மனைவிக்கு அடுப்படி. பக்க எண்ணைத் தவிர எதையும் படிக்காத மகராசி, அந்தப் பதினாறை இதிலும் இந்தப் பதினாறை அதிலும் வைத்துத் தைத்துவிட்டாள். இன்று மாலுமிக் கதையின் இன்னொரு பிரதி தைக்க வந்தது. தொண்ணூற்றேழில் கப்பல் புறப்பட்டது. அன்று இதே இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்ட வரியில் பால் பொங்கியதே என்று அவளுக்குச் சுரீரென்றது.

அந்த இரண்டு புத்தகமும் இப்போது முன்னறையில், வாசகர் வட்டத்தின் கையில். கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முறுக்கு மீசை லாரி டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"கடல்ல இருக்கறவன் கனவுல பால் காய்ச்சிட்டு, வீட்ல எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாத்துட்டிருக்கான். எனக்கும் அதே கனவுதாங்க. சொன்னா சிரிப்பாங்கன்னு வாயே திறக்கல."

"நீங்க வேற!" என்றார் கணக்கு டீச்சர். "இதுல அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம கப்பலேறிப் போறா. படிச்சிட்டு அழுதுட்டேன். அந்தக் கப்பல்ல நான் எத்தனை தடவை ஏறியிருக்கேன்!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் பைண்டரம்மா தப்பியிருக்கலாம். தன் தப்புக்கு ஒரு மனுஷி அழுதாள் என்றதும் பொறுக்கவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டிரைவரின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப அது பொம்பள கனவா?"

"இருந்தா என்னண்ணே?" டீச்சர் சிரித்தார். "உங்க கனவ நான் தெனம் அடுப்படியில வாழ்றேன். என் கனவ நீங்க தெனம் ரோட்ல ஓட்டறீங்க. ஒரு வாரம் மாத்திக்குவோமா?"

டிரைவரும் சிரித்துவிட்டார். எல்லோரும் மேசையருகே உட்கார்ந்திருந்த நூலகரைப் பார்த்தார்கள். சிடுமூஞ்சி என்று பேரெடுத்தவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டையும் நானும் படிச்சேன். எனக்கே தெரியலையேம்மா. பிரிச்சு சரியாத் தைச்சிடுங்க."

"அடுத்த வாரம் தரேன்," என்று புத்தகத்தை மடியில் அமுக்கிக்கொண்டார் டிரைவர். "இன்னொரு தடவ படிச்சுக்கறேன்."

நூலகர் பேனாவைத் திறந்து மேசையில் கிடந்த அவளது உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பைண்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பிறகு ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு, தைக்க வந்திருந்த மாலுமிக் கதையை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.