எதிர் வீட்டு மாட்டின் அசை

போன வருஷம் மழை விட்ட சமயம் நடந்தது இது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். மிஞ்சின சோற்றை எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து மாட்டுக்கு வைப்பேன். இங்கே மாடு வைத்திருக்கிற பலரும் இப்படித்தான். மேய்க்க இடம் இல்லை. வைக்கோலோடு கொஞ்சம் கலந்து வைத்தால் ஒன்றும் ஆகாது.

அன்று கம்பெனியில் ஏதோ விருந்து. ஒரு டிரம் நிறையச் சோறு கிடைத்தது. ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து கொட்டகையில் மூடி வைத்தேன். அசதி. படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் டிரம் காலி. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மொத்தத்தையும் தின்றிருந்தது. வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. மூச்சு மட்டும் வந்தது.

எனக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியது. அவர் ரோட்டில் அடிபட்டு இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் காலேஜ் போவது அந்தப் பாலை நம்பித்தான்.

மாட்டு டாக்டர் வந்தார். ஊசி போட்டார். சோடா மாவு கரைத்து ஊற்றச் சொன்னார். அடுத்த நாளும் வந்தார். உப்பல் இறங்கியது. ஆனால் மாடு எதையும் தொடவில்லை. அசை போடவில்லை. அசை போடாத மாடு பிழைக்காது. அது எனக்கே தெரியும்.

டாக்டர் ஒன்று சொன்னார். தீனியைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமிகள் மாட்டு வயிற்றில் இருக்குமாம். இதற்கு அது எல்லாம் செத்துவிட்டதாம். நல்ல மாடு அசை போடும்போது அது மெல்லுகிற அசை உருண்டையை வாயிலிருந்து எடுத்து, இதற்குக் கரைத்து ஊற்றிப் பார்க்கச் சொன்னார். இதன் வயிற்றில் போய்ப் பிடித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றார்.

எதிர் வீட்டு அக்காவிடம் போனேன். அம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிற குடும்பம். மூன்று மாடு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, எங்க மாடு ஆத்தா கோயிலு மாடு. உன்துது அல்லேலூயா மாடு. ஒத்துக்குமா?"

"ஒத்துக்கலன்னா துப்பிடும்க்கா."

அக்கா சிரித்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினார்.

நாம் பார்த்துக்கொண்டிருந்தால் மாடு அசை போடாது. அதனால் வேறு வேலை இருக்கிற மாதிரி இரண்டு பேரும் கொட்டகை ஓரம் உட்கார்ந்தோம். மெயின் ரோட்டில் லாரி ஹார்ன் அடிக்கும். மாடு நிறுத்திவிடும். மறுபடியும் காத்திருப்போம். கழுத்துக்குள் ஒரு உருண்டை மேலே ஏறி வருவது வெளியே தெரியும். அந்த நேரம் பார்த்து அக்கா பல் இல்லாத பக்கமாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். முதல் தடவை மாடு விழுங்கிவிட்டது. அடுத்த தடவை அக்காவுக்கு விரலில் நல்ல கடி. அக்கா மாட்டைத் திட்டினார். என்னைத் திட்டவில்லை. அப்புறம் ஒரு பச்சை உருண்டை வந்தது. சூடாக இருந்தது. நாற்றம். வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லத்தோடு கரைத்து, என் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பொழுது போகும்வரை இதே வேலை.

கை கழுவும்போது அக்கா சொன்னார்.

"உங்க சாமிய வேண்டிக்கோ. நான் எங்க ஆத்தாவ வேண்டிக்கிறேன். யாரு வந்தா இன்னா."

நான் மாட்டுப் பக்கம் திரும்பி நின்றேன். இயேசப்பா என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரர் போன நாளிலிருந்து அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். உட்காருவேன். வந்துவிடுவேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் லீவு சொன்னால் ஆள் மாற்றிவிடுவார்கள். வேலைக்குப் போனேன். மாடு செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். அக்கா எங்கள் கொட்டகையில் நின்றிருந்தார்.

"வாயப் பாரு," என்றார்.

மாட்டின் தாடை மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போய் அதன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன்.

"எங்க மாட்டு எச்சிய துன்னுடுச்சி. இனிமே நாம சம்பந்திங்க," என்றார் அக்கா.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் சபைப் பெண்கள் சாயங்காலம் வந்தார்கள். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து வாராவாரம் வருகிறவர்கள். எனக்குத் தெம்பில்லை, வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அப்படியும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வரும். என் வாயே திறக்காதபோது இவர்கள் ஜெபித்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று உள்ளேயே இருந்துவிடுவேன்.

அன்று அவர்கள் நின்ற இடத்திலிருந்து மாடு தெரிந்தது. அதன் வாயில் ஓடிக்கொண்டிருந்தது எதிர் வீட்டு மாடு கொடுத்தது. தன்னால் முடியாதபோது வேறொன்றின் வாயிலிருந்து வாங்கிப் பிழைத்திருக்கிறது. அதில் அதற்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு எதற்கு?

உள்ளே வரச் சொன்னேன். பாய் விரித்தேன். அவர்கள் ஜெபித்தார்கள். எனக்கு வரவில்லை. கடைசியில் ஆமென் மட்டும் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து என் வாயிலிருந்து வந்த முதல் ஆமென் அது.

மாடு பழையபடி கறக்க மாதக்கணக்கானது. நானும் சட்டென்று மாறிவிடவில்லை. இப்போதும் பல நாள் எனக்கு ஜெபம் வருவதில்லை. அந்த மாதிரி நாளில், எனக்காக யாரோ மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.