அம்மாவுக்குத் திரும்பக் கிடைத்த ஓட்டு

அம்மா இல்லாத வீட்டில் ஓராண்டைக் கடத்திவிட்டோம். அவர்களை அறிந்த நீங்கள் கூடியிருக்கும் இந்நாளில், உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அம்மாவின் பெற்றோர் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள். அங்கே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில்தான் அம்மா பிறந்தார்கள். பள்ளிக்கூடம் போனதில்லை.

அம்மாவுக்கு வயது இருபத்தொன்று முடிந்த சமயம். வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே, சட்டசபைக்கு ஆள் அனுப்ப ஆண் பெண் எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்று அந்த நாட்டில் முதன்முறையாகச் சட்டம் வந்தது. அதுவரை சொத்தும் படிப்பும் உள்ள ஆண்கள் சிலருக்குத்தான் அந்த உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டியைத் திரை மறைவில் வைத்தார்கள். கூலிகளை மேய்க்கும் கங்காணி முதல் நாளே வந்து, "எல்லாரும் செவப்புப் பொட்டியிலதான் போடணும்" என்று மிரட்டிப் போனார்.

"வம்பு வேணாம் புள்ள, அவரு சொன்னதையே செய்யி" என்றார் என் அப்பா.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டுப் பேசியவருடையது பச்சைப் பெட்டி. அம்மா அதில்தான் போட்டார்கள். வெளியே வந்ததும் கங்காணி வழிமறித்து, "எதுல போட்ட?" என்றார்.

"திரைக்குள்ள நான் ஒருத்திதானுங்க இருந்தேன்."

கங்காணி முறைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அம்மா ஓட்டுப் போட்டவர் தோற்றுப் போனார். அதில் அம்மாவுக்கு வருத்தமே இல்லை. "தொரைக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு" என்று கடைசி வரை பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த நாடு சுதந்திரம் அடைந்த கையோடு எங்கள் மக்களின் குடியுரிமை போனது, ஓட்டும் போனது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாகப் பல வருடம் கிடந்தோம். அப்பாவும் அப்படியே கண்ணை மூடினார். பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்ததில், இந்தியக் குடியுரிமை பெற்று அம்மாவும் நானும் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினோம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. சூளைக்குப் போகும் முன் பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது அம்மாவின் வேலை. ஊரில் 'சிலோன்காரம்மா' என்றே பெயர் விழுந்தது.

எழுபத்தொன்றாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. ஓட்டுச் சாவடிக்குள் அம்மா நுழைந்ததும், ஒரு கட்சி ஏஜெண்ட் எழுந்து, "சார், இவங்க சிலோன்காரங்க. ஓட்டு கெடையாது" என்றார். அம்மாவின் கை என் கையைத் தேடியது.

எங்களுக்குப் பின்னால் நின்றவர், கம்பெனியில் எங்களோடு வேலை செய்யும் அலமேலு அக்கா. "யாரு சார் சிலோனு? எங்க தெருவுலதான் வூடு. எங்கூடதான் வேல செய்றாங்க. பேரு இருக்குதா இல்லியா, அத மொதல்ல பாருங்க!" என்று சத்தம் போட்டார்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "பேர் இருக்குது. நீங்க போய்ப் போடுங்கம்மா" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த அம்மா, "அப்பாடா! இனிமே நம்மள யாரும் கெளம்புன்னு சொல்ல மாட்டாங்கல்ல?" என்றார்கள்.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்றேன்.

ராமேஸ்வரத்தில் இறங்கிய நாளிலிருந்து தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்த துணிகளை அன்று மாலைதான் எடுத்துக் கொடியில் போட்டார்கள்.

சென்ற ஆண்டு மார்புச் சளியில் படுத்த அம்மா எழவில்லை. மருந்து வாங்கி ஓடியவர்களுக்கும், இரவெல்லாம் உடனிருந்த அலமேலு அக்காவுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்? அம்மாவை எடுத்துச் சென்றபோது தெருவே பின்னால் வந்தது. 'இவங்க யாரு?' என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகவே உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மகள்