சருகுக் குவியலில் ஒரு பச்சோந்தி

போன வருஷம் ஆடி மாதம், தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சீசன் நல்ல உச்சத்தில் இருந்த நேரம். தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையே போதும், என் நிலைமை புரிந்துவிடும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டு போனுக்கு ஓய்வே கிடையாது. வருஷம் பூராவும் இருக்கியா செத்தியா என்று கேட்காத சொந்தமெல்லாம் கூப்பிட்டு, "அருவில தண்ணி விழுதா?" என்று கேட்கும். விழுகிறது என்றால் மறுநாளே வேன் பிடித்து வந்துவிடுவார்கள். விழவில்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை, அதைத்தான் டிவியில் காட்டிவிடுகிறானே. அப்புறம் இரண்டு மாதத்துக்கு வீடு வீடாக இருக்காது. ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, கதவு மேல் எல்லாம் ஈரத்துணி. வெயிலே இல்லாத ஊரில் அது எங்கே காயும்? அந்த வாடையோடுதான் சோறு, அந்த வாடையோடுதான் தூக்கம். மாவு ஆட்டி ஆட்டி என் தோள்பட்டை இறங்கிப்போயிருக்கும். வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் நல்லவர்களுக்கும் காலையில் இட்லி வேண்டும் இல்லையா?

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. சீசன் வந்தால் அவருக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. விடியலிலிருந்து நனைந்துகொண்டே நின்று விசில் ஊத வேண்டும். பாறையில் ஏறாதே, எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் முட்டாதே, பெண்கள் பக்கம் போகாதே. ஒருத்தன் கேட்பானா? வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் கால் விரலிடுக்கு எல்லாம் வெளுத்து, சேற்றுப்புண் வந்து கிடக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அருவி இரைந்துகொண்டே இருக்கிறது என்பார். அதைச் சொன்னதோடு சரி, வேறு பேச்சு கிடையாது. சாப்பிடுகிறீர்களா என்றால் ஒரு தலையாட்டல். மகள் வேலை கிடைத்து சென்னைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஆனால் கேட்கிற குரல் என்னுடையது ஒன்றுதான். அந்த மௌனம் எனக்கு அவ்வளவு சலிப்பாக இருக்கும். இவருக்குள் ஒன்றுமே இல்லையோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அவர் வாய் திறக்கிற ஒரே விஷயம், முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டி. மீன் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீருக்குப் பதில் மண், அதன் மேல் பாசி, பெரணிச் செடி, மணி பிளான்ட், காய்ந்த மரப்பட்டை, தரை முழுக்கச் சருகு. அதற்குள் மூன்று குட்டைப் பச்சோந்திகள். எவ்வளவு வளர்ந்தாலும் கட்டைவிரல் அளவுதான். ஆப்பிரிக்காவுக்கு உரிய வகையாம். கோயம்புத்தூரில் இதை வளர்த்துக் குஞ்சு எடுக்கிற ஒருவரிடம் வாங்கி, வனத்துறையில் முறைப்படி பதிவும் பண்ணி வைத்திருந்தார். போலீஸ்காரர் ஆயிற்றே. நிறம் மாறி விளையாட்டுக் காட்டுகிற ஜாதி இல்லை இது. பார்த்தால் காய்ந்த இலை மாதிரியே இருக்கும், நரம்புகூட ஓடும். சருகோடு சருகாகக் கிடந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

எல்லார் வீட்டிலும் ஈயை விரட்டப் பாடுபடுவார்கள். எங்கள் வீட்டில் பாட்டிலில் வாழைப்பழம் போட்டு, வலை கட்டி, ஈ வளர்த்தோம். அதுகளுக்கு அதுதான் சாப்பாடு. "இவ்வளவு வேலைக்கு நடுவுல இது வேற கேடா?" என்று நான் முனங்காத நாள் இல்லை. ஆனால் டியூட்டி முடிந்து வந்தவர் அந்தத் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஸ்பிரே பாட்டிலால் இலைகளின் மேல் லேசாகத் தண்ணீர் அடிப்பார். அதில் ஒன்று மெதுவாக அசைந்து, இலை நுனியில் நிற்கிற சொட்டைக் குடிக்கும். அதைப் பார்க்கிறபோதுதான் அவர் தோளின் விறைப்பு கொஞ்சம் தளரும். அதனாலேயே அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்த ஆடியில் ஒருநாள் அவராகவே அடுப்படிக்கு வந்து, "இங்கேரு, பெருசா இருக்குல்லா, அது சினையா இருக்கு" என்றார். எப்படி மண்ணைத் தோண்டி முட்டை இடும், எத்தனை நாள் காக்க வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். தோசை கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவர் அவ்வளவு பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் அவருடைய அக்கா, சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்கள். எனக்கு மதினி. தங்கமான மனுஷி. கை நிறைய மஸ்கோத் அல்வாவோடு வருவார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு குணம். அடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் செரிக்காது. வந்த இடத்தில் ஏதாவது வேலை செய்துகொடுத்துவிட்டுத்தான் கை நனைப்பார்கள். பரணைத் துடைப்பார்கள், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு எல்லாரும் காலையிலேயே அருவிக்குப் போய்விட்டார்கள். மூட்டு வலி என்று மதினி மட்டும் வீட்டில் இருந்தார்கள். நான் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, நனைந்த பையும் நனைந்த சேலையுமாகத் திரும்பி வந்தேன். முன்னறையில் கண்ணாடித் தொட்டி பளபளவென்று இருந்தது. சோப்புப் போட்டுத் துடைத்த பளபளப்பு. செடி இருந்தது, மண் இருந்தது. ஒரு சருகு இல்லை, ஒரு பட்டை இல்லை.

மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாக வந்தார்கள். "சருகும் குப்பையுமா அடஞ்சு கெடந்துச்சுட்டி. தம்பிக்கு எங்கன நேரம் இருக்கு? நாம வந்ததுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு சுத்தம் பண்ணிட்டேன். ரெண்டு ஓணான்குட்டி உள்ள கெடந்துச்சு. பாவம், வாளியில போட்டு மூடி வச்சிருக்கேன்."

காய்ப்பையைக் கீழே போட்டேன். வாளியைத் திறந்து பார்த்தேன். இரண்டும் சின்னவை. பெரிசு இல்லை.

"மூணு இருக்கணும் மதினி. சருகை எங்கன போட்டீய?"

"பொறவாசல்ல கூட்டித் தீ வச்சேன். பத்தவே மாட்டங்கு."

கொல்லைப்பக்கம் ஓடினேன். வாதாம் மரத்தடியில் உதிர்ந்த இலையெல்லாம் கூட்டிக் குவித்து, அதோடு தொட்டிச் சருகையும் கொட்டி, நடுவில் ஒரு பழைய பேப்பரைச் சொருகிப் பற்றவைத்திருக்கிறார்கள். பேப்பர் எரிந்து கருகிக் கிடந்தது. பக்கத்தில் ஏகப்பட்ட தீக்குச்சிகள். சாரல் விழுந்து விழுந்து ஊறிப்போன இலை, தீப்பிடிக்காமல் ஒரு ஓரத்தில் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக நான் திட்டித் தீர்த்த சாரல்.

ஒரு குடம் தண்ணீரைப் புகைகிற இடத்தில் ஊற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்த வேண்டும் என்று தோன்றியது, கத்துவதற்கும் உடம்பில் தெம்பு இல்லை. கோழிக்கூடு உயரத்துக்குக் குவியல். முக்கால்வாசி வாதாம் இலை, மீதி என்னென்னவோ. அதில் காய்ந்த இலை மாதிரியே இருக்கிற ஒன்றைத் தேட வேண்டும். அவர் மதியம் வந்துவிடுவார். வந்ததும் முதலில் அந்த ஸ்டூலில்தான் உட்காருவார். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு ஓணானுக்கா அழுதே?" என்றார்கள். "அது சினையா இருந்துச்சு மதினி. உங்க தம்பி ஒவ்வொரு நாளும் அதுக்காகத்தான் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாவ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மதினி முகம் செத்துவிட்டது.

"புள்ளத்தாச்சியவா வெளிய தள்ளித் தீ வச்சேன்?" என்று ஒரு வார்த்தை. மூட்டு மடக்க முடியாத மனுஷி, சேற்றில் தொப்பென்று உட்கார்ந்து குவியலில் கையை விட்டார்கள். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இலையாக எடுத்துப் பார்த்தோம். எல்லாமே அதுபோலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எது இலை, எது அது என்று கண்ணையே நம்ப முடியாமல் போய்விட்டது.

அருவிக்குப் போன கூட்டம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. பின்னாலேயே பைக் சத்தம். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கொல்லைப்பக்கம் வந்திருக்க வேண்டும், வாசல்படியில் நின்ற முகத்திலேயே தெரிந்தது. மதினி கரிக்கையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அவர் நேராக மதினியிடம் போனார். "யக்கா, எந்திரி. நனையாத" என்றார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மோடு பக்கத்தில் குத்தவைத்தார்.

"கண்ணால தேடினா கெடைக்காது" என்றார். "ஒவ்வொரு இலையா எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு கொஞ்சம் பொறுங்க. கையில எடுத்தா பயத்துல அது நடுங்கும். போன் வைப்ரேட் ஆகுத மாதிரி இருக்கும். நடுங்குச்சுன்னா அதுதான்."

இத்தனை நாள் அதைக் கையில் எடுத்ததே இல்லை, அதனால் எனக்கு அது தெரியாது.

வேனில் வந்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த கூட்டம். ஆளுக்கு ஒரு இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல், சாரலில் நனைந்துகொண்டு. இலையைப் பார்த்து, பொறுத்து, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த இலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பரிகாரம் பண்ணுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். குவியல் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு நம்பிக்கையும் அதோடு குறைந்துகொண்டே வந்தது.

"தம்பி" என்று மதினி ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியிருந்தார்கள். நடுவில் அரைவாசி சேறு பூசிய ஒரு சருகு. "எங் கை நடுங்குதா, இது நடுங்குதான்னு தெரியலய்யா."

அவர் தன் கையை அக்கா கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா கையின் நடுக்கம் நின்றது. சருகு நடுங்கிக்கொண்டிருந்தது.

மதினி அழுத அழுகையை இப்போதும் மறக்க முடியவில்லை. அவர் அழவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஐந்தருவியில் யார் யார் எப்படியெல்லாம் வழுக்கி விழுகிறார்கள் என்று நடித்துக் காட்டினார். சேற்றுப்புண் எப்படி எரிகிறது என்று அக்காவிடம் சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லையோ என்னவோ, மாவு ஆட்டுகிற அலுப்பில். சாயங்காலம் புதுச் சருகு கழுவிப் போட்டு அதைத் தொட்டியில் விடுவதற்கு முன்னால், "புடிட்டி" என்று என் கையில் வைத்தார். நகம் கூசுகிற மாதிரி ஒரு சின்ன நடுக்கம். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது.

பிறகு அது மண்ணைத் தோண்டி முட்டை இட்டது. எல்லாம் பொரிக்கவில்லை. ஒரே ஒரு குஞ்சு வந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதுவும் பிறக்கும்போதே காய்ந்த இலை மாதிரித்தான் இருந்தது.

இந்த வருஷமும் சீசன் வந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, துணி காயவில்லை, தோள்பட்டை இறங்கித்தான் கிடக்கிறது. மதினி மட்டும் தண்ணி விழுதா என்று கேட்பதில்லை, புள்ளத்தாச்சி எப்படி இருக்கா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவரும் பழையபடி டியூட்டி முடிந்து வந்து, வாய் திறக்காமல் அந்த ஸ்டூலில்தான் உட்காருகிறார். எனக்கு அலுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனால் இப்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அருவியில் ஊறி வெளுத்த அவர் கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கிறேன்.