நூற்றெட்டாவது கேள்வி

சின்ன வயதில் நான் யாரையும் லேசில் நம்பியதில்லை. பர்மாவில், க்யிம்யிண்டைங்கில் எங்கள் தெருவே அப்படித்தான். டீக்கடையில் முகம் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று மழைக்கும் மீனுக்கும் திரும்பிவிடும். நான் ஒருபடி மேலே போய் ஞானோபதேசத்தையே சந்தேகித்தேன்.

எங்கள் பிரெஸ்பிடேரியன் சபையில் வினாவிடையைப் பிழையில்லாமல் ஒப்பித்தால்தான் திருவிருந்தில் இடம். தமிழ்ப் புத்தகம் கறையானுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அது இருந்திருந்தாலும் பயனில்லை, எங்களுக்குப் பர்மிய எழுத்துத்தான் தெரியும். அதனால் அத்தை தன் ஞாபகத்திலிருந்து வாய்ப்பாடமாகவே சொல்லித் தருவாள். சீமையில் படித்த பெரியவர்கள் வருஷக்கணக்கில் கூடி உட்கார்ந்து, வரிக்கு வரி வாதாடி எழுதியது என்பாள். "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கு மாமா போனதிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமாவுக்கு மலேசியாவில் வேலை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

அத்தையின் கேள்விகள் நூற்றெட்டு. பக்கத்து வீட்டு அக்காள் காளி கோவிலில் சொல்லும் போற்றியும் நூற்றெட்டு. எனக்குப் பொறி தட்டியது. அத்தை திருட்டுத்தனமாகக் காளியைக் கும்பிடுகிறாள் என்றே முடிவு கட்டினேன்.

அந்த வருஷம் எங்களைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு போதகர் ஐயா வந்தார். கையில் அச்சுப் புத்தகம். நாங்கள் கூட்டாக ஒப்பித்தோம். நூற்றேழோடு அவர் புத்தகத்தை மூடினார். நாங்கள் நிறுத்தவில்லை.

"காணாமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நாம் அறியோம்; கர்த்தர் அறிவார்."

ஐயா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது யார் எழுதுனது, சயாமா?" டீச்சரம்மாவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான்தாங்க ஐயா."

"புத்தகத்துல நூத்தியேழுதான். இனிமே இத பிள்ளைங்களுக்குச் சொல்லித் தராதீங்க. யாரு காதுலயாவது விழுந்தா வம்பு."

அத்தை தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இத நான் எங்க போய்க் கேக்கறதுங்க ஐயா?"

அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கள்ளக் கேள்வி பிடிபட்டுவிட்டதே! திரும்பும் வழியில் அத்தை எனக்கு மொஹிங்கா வாங்கிக் கொடுத்தாள். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஒரு கேள்வி போனதற்கா இத்தனை முகவாட்டம் என்று எரிச்சலாக வந்தது. காணாமல் போனவர்களைப் பற்றி இவளுக்கு என்ன கவலை? மாமாதான் மலேசியாவில் இருக்கிறாரே.