நங்கூரம் எங்க, கயிறு எவ்வளவு?

பொன்னமராவதியில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, கையை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்த ராமநாதன். "சார், ஜெய்னம்பு டீச்சர் போயிட்டாங்க. விடியக்காலம், தூக்கத்துலயே. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் கோட்டைப்பட்டினத்துல அடக்கமாம்" என்றார். "ரத்தம் நின்னுருச்சு சார், கைய விடுங்க" என்று லேப் பெண் சொன்ன பிறகுதான் எழுந்தேன். மாதாமாதம் அந்தப் பரிசோதனை முடிவை நான் முதலில் அனுப்புவது டீச்சருக்குத்தான். சாயங்காலம் வரப்போகும் முடிவை இனி யாருக்கு அனுப்புவது? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அதே கேள்விதான் ஓடியது.

டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வரலாற்று ஆசிரியன். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லியே என்னை ஓட்டியவர்கள்தானே நீங்கள்! அப்படிப்பட்ட நான் ஒரு கணக்கு டீச்சரைப் பற்றி எழுதுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

ஒரு நாள் வராந்தாவில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைத்திருந்தார் டீச்சர். தரைக் கட்டங்களில் சாக்பீஸால் வரிசையாக எண்கள். பதினொன்றாம் எண்ணுக்கு நேரே இருந்த ஜன்னல் கம்பியில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஒரு பையன் கையில் கொடுத்திருந்தார். "போற வரைக்கும் போடா." அவன் ஒரு பக்கம் போனால் பதினைந்தில் கயிறு இழுத்து நிறுத்தியது. மறுபக்கம் போனால் ஏழில் நிறுத்தியது. கணக்குப் பீரியடில் கயிற்று விளையாட்டா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"டீச்சர், அவன் அங்கிட்டுப் போனானா இங்கிட்டுப் போனானான்னு தெரிய வேணாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கயித்துக்கு அது தெரியாது தாயி. எவ்வளவு தூரம்ங்கிறது மட்டுந்தான் தெரியும்" என்றார் டீச்சர். பிறகு சுவரிலேயே எழுதினார்: |x − 11| ≤ 4. "ஏழுலருந்து பதினஞ்சு வரைக்கும்ங்கிறத இப்படியும் சொல்லலாம். என்னயப் பெத்த அத்தா கடல்ல படகக் கட்டுறப்ப ரெண்டுதான் கேப்பாக. நங்கூரம் எங்க, கயிறு எவ்வளவு. அது தெரிஞ்சா படகு எங்கெங்க நிக்கும்னு கரையில இருந்தே சொல்லிரலாம்."

மட்டு மதிப்பு அசமன்பாடு என்று புத்தகத்தில் பயமுறுத்திய சமாச்சாரம் அதுதானாம். ஏழெட்டு எண்ணுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று மத்தியானம் டீச்சரிடம் கேட்டேன். ஏழுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருப்பது ஏழெட்டு எண்கள் இல்லை சார், புள்ளி வைத்து எழுதினால் எண்ணி மாளாது என்றார். அம்மாடி! எண்ணி மாளாத கூட்டத்தை இரண்டே எண்ணில் கட்டிப்போட்டுவிட்டு, இந்த அம்மா பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறக்கிறாரே என்று வாயைப் பிளந்தேன். வரலாற்றுக்காரனுக்கு எல்லைதான் கண்ணில் படும். எந்த ராஜா எதுவரை ஆண்டான் என்றுதான் நான் வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் எல்லையைப் பார்க்கவே மாட்டார். நடுவில் போய் நின்றுகொண்டு, இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார்.

அந்தக் கேள்வி என் உயிரைக் காப்பாற்றும் என்று அன்றைக்கு யார் கண்டது?

எனக்கு இதயத்தில் வால்வு மாற்றிய கதை உங்களுக்குத் தெரியும். செயற்கை வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க மாதம் ஒரு பரிசோதனை. இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டரைக்குக் கீழே போனால் ரத்தம் கட்டி வால்வு அடைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது மட்டும் என் மண்டையில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. ஒரு மாதம் 4.6 வந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். பாஸ் மார்க்குக்கு ரொம்ப மேலே, டிஸ்டிங்ஷன் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டே கொய்யாப் பழத்தைக் கடித்தேன். கடித்த இடம் சிவந்திருந்தது.

எதிரே இருந்த டீச்சர் பார்த்துவிட்டார். "என்ன சார் அது, ரத்தமா?"

"பல்லு வெளக்குறப்பவும் வருது டீச்சர். பிரஷ் சரியில்ல."

"ரிப்போர்ட்டக் காட்டுங்க. டாக்டர் எதுலருந்து எதுவரைக்கும்னு சொன்னாரு?"

சொன்னேன். "நான்தான் ரெண்டரைய விட்டு எவ்வளவோ தள்ளி இருக்கேனே டீச்சர்" என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. மேசை மேலேயே சாக்பீஸால் எழுதினார்: |x − 3| ≤ 0.5. "நங்கூரம் மூணுல கெடக்கு சார். கயிறு அரை. நாலு புள்ளி ஆறுல மூணு போனா எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

"அரைக் கயித்துல கட்டுன படகு ஒண்ணு புள்ளி ஆறுல எப்படி சார் நிக்கும்? கயிறு அறுந்துபோச்சு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவரே ராமநாதனைக் கார் எடுக்கச் சொல்லி, புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். மாத்திரையை நிறுத்தி, என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறேன் என்று துருவினார். கீரையில் கவனமாக இருங்கள் என்று முன்பு சொன்னதை என் மனைவி வள்ளி கீரையே ஆகாது என்று எடுத்துக்கொண்டு, முருங்கைக்கீரையிலிருந்து கறிவேப்பிலை வரை வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தாள். அதில் மாத்திரையின் வேகம் கூடிவிட்டது. எப்போதும் சாப்பிடும் அளவு கீரையை மாற்றாமல் சாப்பிடுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். வெளியே நின்ற டீச்சர் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கீரைக்கும் ஒரு கயிறு கட்டுங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அந்த மாதத்திலிருந்து முடிவு வந்ததும் வாட்ஸ்அப்பில் டீச்சருக்கு அனுப்பினேன். அவர் ஓய்வு பெற்று கோட்டைப்பட்டினம் போன பிறகும் விடவில்லை. 3.2 என்று அனுப்பினால் 0.2 என்று பதில் வரும். 2.8 என்று அனுப்பினாலும் அதே 0.2 தான். கூடவா குறைவா என்று எழுதவே மாட்டார். ஏன் டீச்சர் என்று ஒருமுறை கேட்டேன். "எந்தப் பக்கம்னு டாக்டர் பாத்துக்கிருவாரு. எவ்வளவு தூரம்னு நான் பாக்குறேன்" என்றார். ஒரு மாதம் சரியாக 3.5 வந்தது. பயந்துபோய் அனுப்பினேன். "கயிறு விறைப்பா நிக்குது, அறுந்து போகல. அதுக்குத்தான சார் ≤ குறிக்கு அடியில ஒரு கோடு போட்டிருக்கு, சமமானாலும் உள்ளதான்" என்று பதில் வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடக்கத்துக்கு நேரத்தோடு போய்விட்டேன். நான் ஒதுங்கி நின்றிருந்தேன். டீச்சரின் தம்பி மீரான் வந்து, "வாங்க சார், நீங்களும் மண்ணு போடுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். முடிந்து கடற்கரைப் பக்கமாக வீட்டுக்கு நடந்தோம். கட்டிக் கிடந்த படகுகள் அலைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடின. ஒன்றுகூடத் தன் கயிற்றைத் தாண்டவில்லை. வராந்தாச் சுவரில் டீச்சர் எழுதியது கடல் மேல் அசைவதை நின்று பார்த்தேன்.

"ஒங்க ரிசல்ட்டு வர்ற அன்னைக்கு லாத்தா போனைக் கீழயே வைக்க மாட்டாக சார்" என்றார் மீரான், அக்காவைச் சொல்லி. "'சார் உள்ளதான் இருக்காரு'ன்னு எங்ககிட்டச் சொன்ன பெறகுதான் சாப்புட உக்காருவாக."

எனக்கு இது தெரியாது. என் கயிற்றின் மறுமுனையை ஒருவர் பசியோடு பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பாட்டுக்கு ஒரு எண்ணை அனுப்பிவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே நின்று அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

மீரானின் வீட்டுக்குள் நாங்கள் நுழையும்போது லேபிலிருந்து முடிவு வந்தது. 2.6. பின்னாலேயே வள்ளியின் போன். "எவ்வளவுங்க?" என்றாள். "மூணுலருந்து தூரம் புள்ளி நாலு" என்றேன். அவளும் கூடவா குறைவா என்று கேட்கவில்லை. "சரி, உள்ளதான் இருக்கு" என்றாள்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு கேள்விகள்தான். நங்கூரம் எங்க, கயிறு எவ்வளவு. இனி கழித்துப் பார்க்க வேண்டியது நான். உள்ளே சோறு போட்டு, "சார், வாங்க" என்று கூப்பிட்டார்கள். இருங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சரின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். இந்த முறை 2.6 என்று எழுதவில்லை. "0.4. உள்ளதான் இருக்கேன் டீச்சர்" என்று அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.