ஐந்தாம் அத்தியாயத்துக் கணவன்

ஓய்வு பெற்ற பின்னும் அவரை எல்லோரும் சர்வேயர் என்றே அழைத்தார்கள். பிறருடைய நிலங்களுக்கு எல்லை குறித்தே காலம் கழித்தவர். மனைவி இறந்தபின், வீட்டில் பேச்சுத் துணை இல்லாமல், நூலகத்து மாடியில் கூடும் குழுவில் சேர்ந்தார். அங்கே ஆறு பேர் முறைவைத்து ஒரே மர்ம நாவலை எழுதிவந்தார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் மாற்றக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் அதன்பின் தம் அத்தியாயத்தைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது.

நான்காம் அத்தியாயத்தை எழுதிய எலக்ட்ரீஷியன், கதையில் ஒரு தையற்காரியைக் கொன்று, பிணத்தைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டுவிட்டு, "இனி உங்க பாடு" என்று கம்பி நீட்டிவிட்டார். அடுத்தது சர்வேயரின் முறை. பிணத்தை அடையாளம் காட்டக் கணவன் வரவேண்டும். அவன் என்ன செய்வான் என்று யோசித்தார்; ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே மனைவி இறந்த அன்று மருத்துவமனையில் தாம் செய்ததையே எழுதினார். கணவன் முகத்தைப் பார்த்தான். ஆமாம் என்றான். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டான். வெளியே வந்து, அவிழ்ந்திருந்த செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்து முடித்ததும் எலக்ட்ரீஷியன் மேசையைத் தட்டினார்.

"அண்ணே, சத்தமில்லாம ஆளைக் காட்டிக் குடுத்துட்டீங்களே. பொண்டாட்டி செத்துக் கிடக்கா, இவன் செருப்பு மாட்டுறான். இவன்தான் கொலைகாரன்."

"இவன் இல்லப்பா."

"காதுல பூ சுத்தாதீங்க. கல்லுகூடக் கரைஞ்சிருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சர்வேயருக்குக் கோபம் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. அந்த மனிதன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறக் கூடாது என்று இருந்தது.

ஆறாம் அத்தியாயம் நூலகப் பெண்மணியுடையது. அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, "உங்க முறை முடிஞ்சது சார். இனிமே எதுவும் சொல்லக் கூடாது" என்றார்.

"தெரியும்மா. அவன் வீட்டுக்குப் போனான். சாப்பிட்டான், தூங்கினான். மறுநாளும் அழுகை வரல. எப்ப வரும்னு அவனும்தான் பார்த்துக்கிட்டு இருக்கான்."

"இதெல்லாம் அத்தியாயத்துல இல்லையே அண்ணே" என்று தொடங்கிய எலக்ட்ரீஷியன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இல்லை" என்றார் சர்வேயர்.

நூலகப் பெண்மணி தாள்களை உறைக்குள் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துச் சர்வேயரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கிடங்குச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? நீங்க எழுதவே இல்லையே" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார்.

"காவலாளிகிட்ட இருந்திருக்கும்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அவனைப் பிடிச்சுக்கலாம்."